மூடிய பாலமும் திறந்த கேமராவும்

(இரண்டாம் ஆண்டு, சிவில் பிரிவு)



போட்டோ எடுப்பது பொழுதுபோக்கு, பாலம் கட்டுவது தொழில், இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். டூர் போகிறோம், பாலத்துக்கு முன்னால் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொள்கிறோம். படத்தில் நாம் எல்லோரும் தெளிவாக இருப்போம். பாலம் பின்னால் எங்கேயோ நிற்கும். அந்தப் படத்தை வைத்துக்கொண்டு "இது என்ன டைப் பாலம்?" என்று சார் கேட்டால் விழிக்க வேண்டியதுதான்.

ஒரு பாலத்தை, அங்கே போகாத இன்னொரு மாணவன் பார்த்துப் படிக்கிற மாதிரி எப்படிப் படம் எடுப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை. இதற்கு நான் எடுத்துக்கொண்ட பாலம் சாதாரண பாலம் அல்ல. கூரையும் சுவரும் போட்டு மூடிய பாலம். படம் எடுப்பவருக்கு மிகவும் கஷ்டம் கொடுக்கிற வகை. கஷ்டமானதில் பழகிவிட்டால் மற்றவை சுலபம் அல்லவா?

மூடிய பாலம் என்றால் என்ன?

மரத்தால் ட்ரஸ் செய்து, அதன் மேல் வீட்டுக்குப் போடுவது போலக் கூரை போட்டு, பக்கவாட்டில் பலகை அடித்த பாலம் இது. வண்டி ஒரு வாசலில் நுழைந்து மறு வாசலில் வெளியே வரும். தூரத்திலிருந்து பார்த்தால் ஆற்றின் குறுக்கே ஒரு நீளமான கொட்டகையைத் தூக்கி வைத்தது போல இருக்கும்.

கூரை எதற்கு? பயணிகள் நனையாமல் போவதற்கு என்றுதான் முதலில் தோன்றும். உண்மைக் காரணம் மரம் நனையக் கூடாது என்பதே. திறந்தவெளியில் நிற்கும் மரப்பாலம் ஏறத்தாழ 10 முதல் 20 ஆண்டுகளில் உளுத்துவிடும். கூரை போட்டால் நூறு ஆண்டுகளைத் தாண்டியும் நிற்கும். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் 1825-ல் கட்டிய ஹைட் ஹால் பாலம் இன்னும் நிற்கிறது. தேய்வதும் நனைவதும் கூரையும் பலகையும்தான். அவற்றை மாற்றிக்கொண்டே இருக்கலாம். உள்ளே இருக்கும் ட்ரஸ் காய்ந்த நிலையிலேயே வேலை செய்யும்.

இங்கேதான் நம் பாடம் தொடங்குகிறது. எந்தக் கூரை ட்ரஸ்ஸைக் காப்பாற்றுகிறதோ அதே கூரைதான் ட்ரஸ்ஸை நம் கண்ணிலிருந்து மறைக்கிறது. வெளியே நின்று எவ்வளவு அழகாகப் படம் எடுத்தாலும் கிடைப்பது பலகையின் படம், பாலத்தின் படம் அல்ல.

பாடத்துக்கு எடுத்துக்கொண்ட பாலம்

அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில், ஈரி ஏரிக் கரையில், அஷ்டபியூலா என்று ஒரு கவுண்டி இருக்கிறது. நம் ஊர் மாவட்டம் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அஷ்டபியூலா ஆற்றின் ஆழமான பள்ளத்தாக்கின் மேல் 2008-ல் திறக்கப்பட்டது ஸ்மோலன்-கல்ஃப் பாலம். நீளம் 613 அடி. அமெரிக்காவின் மிக நீளமான மூடிய பாலம் இதுதான். (உலகிலேயே நீளமானது கனடாவின் ஹார்ட்லண்டில் உள்ளது, 1,282 அடி.) ஆற்று மட்டத்திலிருந்து 93 அடி உயரம். உள்ளே வண்டி போகும் அகலம் 30 அடி, உயரம் 14 அடி 6 அங்குலம். இருபுறமும் நடந்து போவோருக்குத் தனி வழி உண்டு. வடிவமைத்தவர் அந்தக் கவுண்டியின் முன்னாள் பொறியாளர் ஜான் ஸ்மோலன். அவர் பெயரையே பாலத்துக்கு வைத்திருக்கிறார்கள்.

இது காட்சிக்கு வைத்த பொம்மைப் பாலம் அல்ல. சட்டப்படி ரோட்டில் போகக்கூடிய முழு எடை வண்டிகளும் இதன் மேல் போகின்றன. நூறு ஆண்டு நிற்கும் என்ற கணக்கில் கட்டியது. அதே கவுண்டியில் ஜெனிவா என்ற ஊரில் 2011-ல் கட்டிய 18 அடி மூடிய பாலமும் இருக்கிறது. நாட்டின் மிகக் குட்டியான மூடிய பாலம் என்று அதைச் சொல்கிறார்கள். ஒரே கவுண்டியில் நெட்டையும் குட்டையும்!

நான் ஓஹியோ போனதில்லை. பஸ் பாஸை வைத்துக்கொண்டு போய்வருகிற தூரமும் இல்லை. யார் யாரோ எடுத்த படங்களைப் பார்த்துத்தான் இந்தப் பாலத்தைப் படித்தேன். எந்தப் படம் எனக்குப் பாடம் சொன்னது, எந்தப் படம் அழகாக இருந்தும் ஒன்றுமே சொல்லவில்லை என்று பிரித்துப் பார்த்தேன். அதிலிருந்து தேறியதைத்தான் கீழே எழுதுகிறேன்.

முழுப் பாலமும் ஒரே படத்தில் வேண்டும்!

எல்லோரும் முதலில் ஆசைப்படுவது இதற்குத்தான். கணக்குப் போட்டுப் பார்ப்போம். சாதாரண செல்போன் கேமரா படுக்கைவாட்டில் ஏறத்தாழ 70 டிகிரி பார்க்கும். பாதி 35 டிகிரி. பாலத்தில் பாதி 306.5 அடி. டேன் 35 என்பது 0.70. ஆக, 306.5-ஐ 0.70-ஆல் வகுத்தால் சுமார் 438 அடி. பாலத்தின் நடுப்பகுதிக்கு நேர் எதிரே இவ்வளவு தூரம் தள்ளி நின்றால்தான் முழுப் பாலமும் அடங்கும். அது பள்ளத்தாக்கு. மரங்கள் அடர்ந்த இடம். இலை உதிர்ந்த பிறகு போனால் இடைவெளி கிடைக்கும். அக்டோபரில் அந்தக் கவுண்டியில் மூடிய பாலத் திருவிழா நடக்கும், இலைகள் மஞ்சளும் சிவப்புமாக இருக்கும். காலண்டருக்கு அருமையான படம் வரும். ஆனால் நம் வேலைக்கு இலை ஒரு திரை.

சரி, இடம் கிடைத்தது, எடுத்தாயிற்று. படத்தில் என்ன தெரியும்? 12 மெகாபிக்சல் படம் என்றால் அகலம் 4,000 பிக்சல். 613 அடி என்பது சுமார் 187 மீட்டர். வகுத்தால் ஒரு பிக்சலுக்கு ஏறத்தாழ 47 மில்லிமீட்டர். அதாவது 25 மில்லிமீட்டர் போல்ட் ஒரு புள்ளியைக்கூட நிரப்பாது! எவ்வளவு பெரிதாக்கினாலும் வராது, ஏனென்றால் அது பதிவாகவே இல்லை.

இதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள். மரத்தில் 1 மில்லிமீட்டர் விரிசல் தெரிய வேண்டும், அதற்குக் குறைந்தது இரண்டு பிக்சலாவது வேண்டும் என்றால், ஒரு படத்தில் 2 மீட்டர் அகலத்துக்கு மேல் அடக்கக் கூடாது. ஆகவே ஒரு படம் போதாது. தூரம், நடுத்தரம், கிட்டம் என்று மூன்று வகையிலும் வேண்டும். சர்வேயில் முழுமையிலிருந்து பகுதிக்குப் போ என்று சொல்லிக்கொடுத்தார்களே, கேமராவுக்கும் அதே விதிதான்.

பிராட்டா? ஹோவா?

ஸ்மோலன்-கல்ஃப் பாலத்தில் இருப்பது பிராட் ட்ரஸ். 1844-ல் காப்புரிமை பெற்ற வடிவம். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னால், 1840-ல், வில்லியம் ஹோ என்பவர் காப்புரிமை பெற்றது ஹோ ட்ரஸ். இரண்டையும் எப்படிப் பிரிப்பது? டயகனல் மேலிருந்து ஸ்பானின் நடுவை நோக்கி இறங்கினால் பிராட். நடுவை நோக்கி ஏறினால் ஹோ. பிராட்டில் டயகனல் இழுவிசையில் இருக்கும், வெர்டிகல் அமுக்கு விசையில் இருக்கும். ஹோவில் அப்படியே தலைகீழ். பரீட்சைக்கு இதை மனப்பாடம் செய்திருப்போம்.

இப்போது ஒரு சின்ன சோதனை. பாலத்துக்குள் நின்று ஒரே ஒரு கட்டத்தை மட்டும் படம் எடுக்கிறோம். இரண்டு வெர்டிகல், நடுவில் சாய்வாக ஒரு டயகனல். இது பிராட்டா, ஹோவா? சொல்லவே முடியாது! ஸ்பானின் நடு எந்தப் பக்கம் என்று தெரியாத வரை இரண்டுமே ஒரே மாதிரிதான் இருக்கும். நான் பார்த்த பல அழகான உட்புறப் படங்கள் இந்த ஒரு காரணத்தால்தான் பயன்படாமல் போயின.

வழி சுலபமானது. ஒரு தாங்குதூணில் தொடங்கி ஒவ்வொரு கட்டத்துக்கும் 1, 2, 3 என்று நம்பர் கொடுங்கள். சாக்பீஸால் பாலத்தில் எழுத வேண்டாம், அது ஊர்ச் சொத்து. ஒரு அட்டையில் எழுதி ஓரமாகப் பிடித்தால் போதும். எந்தத் திசையைப் பார்த்து எடுத்தோம் என்பதையும் எழுதிவிடுங்கள். பக்கத்தில் ஒரு லெவலிங் ஸ்டாஃபோ ரேஞ்சிங் ராடோ நிற்கட்டும். அளவு தெரியாத படம், ஸ்கேல் போடாத டிராயிங் மாதிரி. மார்க் கிடைக்காது.

நேராக நிற்பது சாய்ந்து தெரிவது

கீழே ஆற்றங்கரையில் நின்று 93 அடி உயரத்தில் உள்ள பாலத்தை எடுக்க கேமராவை அண்ணாந்து பிடிப்போம். உடனே நேரான கோடுகள் எல்லாம் மேலே போகப் போகக் குவிந்து, தூண் சாய்ந்தது போல வரும். அழகுக்கு எடுப்பவர்களுக்கு இது பிடிக்கும். நமக்கு ஆபத்து. நிஜமாகவே ஒரு போஸ்ட் சாய்ந்திருந்தால் அந்தப் படத்தில் கண்டுபிடிக்க முடியாது அல்லவா?

கேமராவை மட்டமாகப் பிடிக்க வேண்டும். மேல்பகுதி அடங்கவில்லை என்றால் பின்னால் போங்கள், பிறகு கீழ்ப்பகுதியை வெட்டிக்கொள்ளலாம். கரையில் ஏறி, பாலத்தின் தளம் இருக்கும் உயரத்திலிருந்து எடுத்தால் இன்னும் நல்லது. உள்ளே கிட்டத்தில் எடுக்கும்போது போஸ்டுக்குப் பக்கத்திலேயே ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு அதையும் சேர்த்து எடுங்கள். நூல் பொய் சொல்லாது.

அடிப்பகுதியைப் பார்க்க அங்கே நல்ல வசதி உண்டு. பெரிய பாலத்தின் கீழேயே 2016-ல் நடைபாதைக்கென்று ரிவர்வியூ என்ற இன்னொரு மூடிய பாலம் கட்டியிருக்கிறார்கள். அந்தப் பக்கம் போனால் பெரிய பாலத்தின் அடித்தளத்தையும் கான்கிரீட் தூண்களையும் பார்க்கலாம். அண்ணாந்து எடுக்க வேண்டியது இந்த ஒரு இடத்தில்தான். இங்கே நாம் சாய்வைப் பார்க்கவில்லை, தளத்தை எது தாங்குகிறது என்பதைப் பார்க்கிறோம்.

இருட்டும் வெளிச்சமும்

மூடிய பாலத்தின் உள்ளே நின்று வாசலைப் பார்த்து எடுத்தால், வாசல் வெள்ளையாக எரிந்துவிடும், அல்லது ட்ரஸ் கறுப்பாகிவிடும். இரண்டையும் ஒரே படம் தாங்காது. இதற்கு நான்கு வழிகள்:

1. மேகமூட்டமான நாளில் எடுங்கள். வெளியே வெயில் குறைந்தால் உள்ளுக்கும் வெளிக்கும் வித்தியாசம் குறையும்.

2. வாசலுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். வெளிச்சம் நமக்குப் பின்னாலிருந்து மரத்தின் மேல் விழும்.

3. செல்போனில் மரத்தின் மேல் விரலை வைத்து அழுத்திப் பிடித்தால் வெளிச்ச அளவு அங்கேயே நிற்கும். மரத்துக்கு ஒன்று, வாசலுக்கு ஒன்று, நடுவில் ஒன்று என மூன்று படம் எடுங்கள். போன் ஆடாமல் டிரைபாடிலோ கைப்பிடிச் சுவரிலோ இருக்கட்டும்.

4. ஃபிளாஷ் வேண்டாம். நேர் எதிரிலிருந்து வரும் வெளிச்சம் நிழலைக் கொன்றுவிடும். நிழல் இல்லாவிட்டால் விரிசல் தெரியாது. ஒரு டார்ச்சை மரத்தோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் அடியுங்கள். சின்ன வெடிப்புகூடக் கோடாகத் தெரியும்.

சூரியனையும் கணக்கில் எடுக்க வேண்டும். அஷ்டபியூலா ஏறத்தாழ 42 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. டிசம்பர் 21 நண்பகலில்கூட சூரியன் 24.5 டிகிரி உயரம்தான் வரும் (90 கழித்தல் 42 கழித்தல் 23.5). சென்னையில் அதே நேரத்தில் 53 டிகிரி இருக்கும். ஜூனில் அங்கே 71.5 டிகிரி. ஆகவே குளிர்காலத்தில் வெயில் தாழ்வாக, கூரையின் இறவாரத்துக்குக் கீழே புகுந்து உள்ளே வரும். இலையும் இருக்காது, வெயிலும் உள்ளே வரும். பனியும் குளிரும்தான் அதற்குக் கொடுக்கும் விலை.

தண்ணீர் எங்கே போகிறது?

என் அப்பா சென்ட்ரிங் வேலை பார்க்கிறவர். பள்ளிக்கூடம் அதிகம் போனதில்லை. இந்தப் பாலத்தின் படங்களைப் போனில் காட்டினேன். ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "மேல கூரை போட்டுட்டான், சரி. வாசப்பக்கம் சாரல் அடிக்குமே? அடி மரம் கரையில போய் உக்காருற முனை எங்கம்மா? அதக் காட்டு."

நான் சேர்த்து வைத்திருந்த படங்களில் அந்த முனை ஒன்றில்கூட இல்லை. "பலகை நடுவுல கெடாது, முனையிலதான் கெடும். தண்ணிய அங்கதான் குடிக்கும்" என்றார். புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். அவர் சொன்னதுதான் அங்கேயும் இருந்தது. மரத்தின் நார் முடியும் வெட்டுமுகம் வழியாகத்தான் ஈரம் வேகமாக ஏறும். மூடிய பாலங்களில் கீழ் கார்டு கரைக்கட்டில் உட்காரும் இடத்தில் வண்டிகள் கொண்டுவரும் மண்ணும் ஈரமும் சேர்ந்து, அங்கேதான் உளுப்பு முதலில் தொடங்கும். யாரும் கேமராவைத் திருப்பாத இடமும் அதுதான். நம் பட்டியலில் முதல் இடம் அதற்குத்தான் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

அதே ஆற்றின் மேல், 1876

ஒரு இணைப்பைப் பார்க்காமல் விட்டால் என்ன ஆகும்? இதற்கு உதாரணம் தேடி வேறு ஊருக்குப் போக வேண்டாம். இதே அஷ்டபியூலா ஆற்றின் மேல் 1865-ல் ஒரு ரயில் பாலம் கட்டினார்கள். ஹோ ட்ரஸ், ஆனால் முழுவதும் இரும்பு. 1876 டிசம்பர் 29 இரவு, கடும் பனியில் ஒரு பயணிகள் ரயில் அதன் மேல் போகும்போது பாலம் இடிந்து விழுந்தது. பெட்டிகள் பள்ளத்தில் விழுந்து தீப்பிடித்தன. ஏறத்தாழ 92 பேர் இறந்தார்கள்.

பிறகு ஆராய்ந்த பொறியாளர்கள் கண்டது என்ன? டயகனல்கள் வந்து சேரும் இடத்தில் வார்ப்பிரும்பு பிளாக்குகள் இருந்தன. அதில் ஒன்றின் காது போன்ற நீட்டல் முறிந்திருந்தது. முறிந்த முகத்தில் வார்க்கும்போதே விழுந்த காற்றுக்குழி இருந்தது. அந்தப் பெரிய பாலம் தொங்கிக்கொண்டிருந்தது கையளவு இரும்பில்!

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அந்தக் குழி உலோகத்தின் உள்ளே இருந்தது. எவ்வளவு நல்ல கேமராவாக இருந்தாலும் அதைக் காட்டியிருக்காது. படம் மேற்பரப்பை மட்டுமே காட்டும். உளுப்பைக் கண்டுபிடிக்கச் சுத்தியால் தட்டிப் பார்க்க வேண்டும், ஈரமானி வைத்துப் பார்க்க வேண்டும். படம் செய்யக்கூடியது வேறு. இந்த ஆண்டு எடுத்த இணைப்பின் படத்தை, ஐந்து ஆண்டு கழித்து அதே இடத்தில் அதே கோணத்தில் எடுத்த படத்தோடு ஒப்பிட்டால், நகர்ந்திருந்தால் தெரியும், விரிசல் நீண்டிருந்தால் தெரியும். எங்கே தட்ட வேண்டும் என்று அது கைகாட்டும்.

படப் பட்டியல்

மூடிய பாலமோ, வேறு எந்தப் பாலமோ, குறைந்தது இவை வேண்டும்:

1. கீழ் கார்டு கரையில் உட்காரும் முனைகள், நான்கும்.
2. பாலத்தின் முழுப் பக்கத் தோற்றம். அடங்காவிட்டால் ஸ்பான் ஸ்பானாக, ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும்படி.
3. இரு வாசல்களும் நேர் எதிரிலிருந்து, அளவுகோலோடு.
4. உள்ளே நீளவாட்டில் ஒரு படம்.
5. ஒவ்வொரு கட்டமும், நம்பரோடு.
6. மேல், கீழ் இணைப்புகள் கிட்டத்தில், 2 மீட்டர் அகலத்துக்குள்.
7. தளத்தின் அடிப்பகுதியும் தூண்களின் தலையும்.
8. கூரையின் உட்புறம். ஒழுகிய கறை இருந்தால் தனியாக.
9. குறிப்பு நோட்டின் பக்கம். நாள், நேரம், வானிலை, திசை.

உள்ளே எடுக்கும்போது வண்டிப் பாதையில் இறங்க வேண்டாம். நடைபாதையிலேயே நில்லுங்கள். படத்தின் மேல் கலர் மாற்றும் ஃபில்டர் போட வேண்டாம். கறையின் நிறம்கூட ஒரு தகவல்தான்.

எதற்காக இத்தனை பாடு?

நியூயார்க் மாநிலத்தில் பிளென்ஹைம் என்ற மூடிய பாலம் 1855-லிருந்து நின்றது. ஒரே ஸ்பானில் 210 அடி. 2011 ஆகஸ்ட் 28 அன்று ஐரீன் புயல் வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போய்விட்டது. 156 ஆண்டுப் பாலம் ஒரே நாளில் காணாமல் போனது. ஆனால் கட்டடங்களைப் படமும் வரைபடமுமாகப் பதிவு செய்ய அமெரிக்க அரசு 1933-ல் தொடங்கிய திட்டத்தின் சேகரிப்பில் அந்தப் பாலமும் இருக்கிறது. 2018-ல் அதே பாணியில் அங்கே மீண்டும் ஒரு பாலம் எழுந்தது. பாலம் போன பிறகு போய்ப் படம் எடுக்க முடியாது நண்பர்களே. நிற்கும்போதே எடுத்தால்தான் உண்டு.

நாம் டிப்ளமோ முடித்து சைட்டுக்குப் போனால், முதல் நாளே "தம்பி, நாலு போட்டோ எடுத்து அனுப்பு" என்று இன்ஜினியர் சொல்லுவார். ஆபீசில் இருப்பவர் அந்தப் படத்தை நம்பித்தான் முடிவு எடுப்பார். பில் பாஸ் ஆவதும் அதை வைத்துத்தான், "இந்த இணைப்பைப் பிரித்துப் பார்" என்று சொல்வதும் அதை வைத்துத்தான். நாம் எடுக்காமல் விட்ட மூலையை அவர் பார்க்கவே மாட்டார்.

பழகுவதற்கு ஓஹியோ போக வேண்டாம். நம் ஒர்க்‌ஷாப்பின் கூரையில் ட்ரஸ் இருக்கிறது. உள்ளே இருட்டு, கதவில் கண் கூசும் வெளிச்சம். மூடிய பாலத்தின் அத்தனை சிக்கலும் அங்கேயே இருக்கிறது. மதிய இடைவேளையில் இன்ஸ்ட்ரக்டரிடம் கேட்டுக்கொண்டு உள்ளே போங்கள். பாலத்துக்குச் சொன்னது போலவே, ட்ரஸ் சுவரில் உட்காரும் முனையில் தொடங்குங்கள். எடுத்த படங்களை, அந்த ஒர்க்‌ஷாப்பைப் பார்க்காத ஒரு நண்பரிடம் கொடுத்து ட்ரஸ்ஸை வரையச் சொல்லுங்கள். அவர் வரைந்தது சரியாக இருந்தால் உங்கள் படம் பாஸ்.